ஐந்தாம் பட்டனில் ஒரு புள்ளி

சேரன்மகாதேவி பக்கம் பட்டன் போன் இன்னும் பழம்பொருள் ஆகிவிடவில்லை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நாற்று நடுகிறவர்கள், வாழைத்தார் வெட்டுகிறவர்கள், திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள், பக்கத்துப் பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்கள் என்று பலர் கையிலும் அது இருக்கிறது. வீட்டில் மகனோ பேத்தியோ வாங்கிய தொடுதிரை போன் ஒருபக்கம் கிடக்கும். தன் பேச்சுக்கு இது போதும் என்று பட்டன் போனைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வார்கள். ஏழ்மை, படிப்பின்மை என்று இதற்கு உடனே காரணம் சொல்லிவிடுகிறோம். காசும் ஒரு காரணம்தான். ஆனால் அந்தப் போனைக் கழற்றிப் பார்த்தால் வேறு காரணங்களும் கிடைக்கும். அவற்றில் பாதி இயற்பியலில் இருக்கிறது.

முதலில் விரலைப் பார்ப்போம். தொடுதிரையின் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் மிகச் சிறிய அளவு மின்னூட்டம் தேங்கி நிற்கும். ஈரப்பசையுள்ள மனித விரலும் ஒரு மின்கடத்திதான். அது கண்ணாடியை நெருங்கும்போது அந்த மின்னூட்டத்தில் ஒரு பங்கு விரலின் பக்கம் சாய்கிறது. அந்தச் சிறு மாற்றத்தை அளந்துதான் விரல் எங்கே இருக்கிறது என்று போன் கண்டுபிடிக்கிறது. இந்த ஏற்பாடு மென்மையான, ஓரளவு ஈரமான, சுத்தமான விரலை எதிர்பார்க்கிறது. கோரையை நாள் முழுக்க இழுத்துக் காய்ந்த விரல்நுனியில் தோல் தடித்துப்போயிருக்கும். அந்தத் தடித்த, வறண்ட படலம் மின்னூட்டச் சாய்வைக் குறைத்துவிடுகிறது. வயலில் நிற்கிறவர் கையிலோ தண்ணீர் சொட்டும். தண்ணீரும் மின்கடத்தி என்பதால் திரையில் விழுந்த துளியையும் விரலையும் பிரித்தறிய முடியாமல் போன் திணறும். உழைக்கிற கையை அந்தக் கண்ணாடி நம்ப மறுக்கிறது என்றே சொல்லலாம்.

பட்டன் போனுக்கு விரலின் தோல் எப்படி இருந்தாலும் கவலையில்லை. அதற்கு வேண்டியது அழுத்தம் மட்டும். மேலே தெரியும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பட்டனுக்குக் கீழே, மின்சுற்றுப் பலகையின் மேல், துருப்பிடிக்காத எஃகில் செய்த சின்னஞ்சிறு குமிழ்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் விட்டமும் சில மில்லிமீட்டர்தான். டால்டா டின் மூடியின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் ஒரு கட்டம் வரை எதிர்த்து நின்றுவிட்டுச் சட்டென்று 'டொக்' என்று உள்ளே போகுமே, அதே விளையாட்டுத்தான் இங்கும் நடக்கிறது. வளைந்த மெல்லிய உலோகம் ஒரு குறிப்பிட்ட விசையைத் தாண்டியதும் நிலைகுலைந்து மறுபக்கம் வளைகிறது. விரலை எடுத்தால் தன் மீள்தன்மையால் பழைய வடிவத்துக்கே துள்ளி வருகிறது. உள்ளே வளைந்த நொடியில் குமிழின் நடு, கீழேயுள்ள செப்புத் தடத்தைத் தொட்டு மின்சுற்றை மூடுகிறது. விரலில் உணரும் அந்தத் 'டொக்'தான் பட்டன் விழுந்துவிட்டது என்பதற்கு உத்தரவாதம். கண்ணால் பார்த்துச் சரிபார்க்கத் தேவையே இல்லை.

பார்க்காமலே அடிக்க இன்னொரு உதவியும் உண்டு. எந்தப் பட்டன் போனையும் எடுத்து 5 என்ற பட்டனைத் தடவிப் பாருங்கள். நடுவிலோ ஓரத்திலோ பெரும்பாலும் ஒரு சிறு புடைப்பு இருக்கும். பார்வையற்றவர்களுக்கும் இருட்டில் இருப்பவர்களுக்கும் அதுதான் வழிகாட்டி. ஐந்தைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்கு மேலே 2, கீழே 8, இடதில் 4, வலதில் 6. எந்தப் பட்டனும் ஐந்திலிருந்து ஓரடிக்கு மேல் விலகி இல்லை, கடைசி வரிசையைத் தவிர. இந்த வரிசைமுறை போகிறபோக்கில் அமைந்ததும் அல்ல. கால்குலேட்டரில் 7, 8, 9 மேலே இருக்கும். தொலைபேசியில் 1, 2, 3 மேலே இருக்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் 1950-களின் கடைசியில் பட்டன்களைப் பல விதமாக அடுக்கி, ஆட்களை அழுத்தச் சொல்லி, வேகத்தையும் பிழையையும் அளந்து முடிவுசெய்த ஒழுங்கு இது. 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியாவின் இரண்டு சிற்றூர்களில் பொதுமக்களுக்கு அறிமுகமானது. அன்று அதில் நட்சத்திரமும் (*) சதுரமும் (#) கிடையாது. அவை 1968-ல் சேர்ந்தன. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த ஒழுங்குதான் நிலைத்திருக்கிறது.

பட்டன் போனின் முதல் நோயும் இந்தக் குமிழில்தான் வரும். சேரன்மகாதேவி செல்போன் கடைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்று:

"அஞ்ச ஒரு தடவ அமுக்குனா ரெண்டு அஞ்சு விழுது அண்ணாச்சி. நம்பரே போட முடியல."

"பட்டன் நல்லாத்தான் இருக்கு ஆச்சி. உள்ள அழுக்கு. தொடச்சுத் தாரேன், இருங்க."

அழுக்குக்கும் இரண்டு ஐந்துக்கும் என்ன தொடர்பு? இரண்டு உலோகங்கள் மோதும்போது ஒரே மூச்சில் ஒட்டிக்கொள்வதில்லை. சில மில்லிநொடிகளுக்குள் பலமுறை துள்ளித் துள்ளித் தொட்டபிறகே நிலைக்கின்றன. போனின் சில்லு மிக வேகமானது. அதற்கு ஒவ்வொரு துள்ளலும் ஒரு தனி அழுத்தமாகத் தெரியும். அதனால் முதல் தொடுகைக்குப் பிறகு பத்து இருபது மில்லிநொடி பொறுத்துப் பார்த்து, தொடுகை நிலைத்துவிட்டால் மட்டுமே ஓர் அழுத்தம் என்று எண்ணும்படி அதற்கு நிரல் எழுதியிருப்பார்கள். வியர்வை உப்பும் புழுதியும் பீடித் தூளும் குமிழுக்கு அடியில் சேர்ந்தால் தொடுகை விட்டுவிட்டு நிகழும். துள்ளல் அந்தக் கெடுவையும் தாண்டி நீளும். ஓர் அழுத்தம் இரண்டாகும். கடைக்காரர் போனைத் திறந்து, குமிழ்த் தாளை உரித்து, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் செப்புத் தடங்களைத் துடைத்து மறுபடி ஒட்டுவார். பட்டன் பிழைத்துவிடும். தொடுதிரை உடைந்தால் திரையையே மாற்ற வேண்டியிருக்கிறது. இங்கே பஞ்சும் ஆல்கஹாலும் போதும்.

இருபதுக்கு மேற்பட்ட பட்டன்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுத்தால் சில்லில் அத்தனை கால்களுக்கு இடம் இராது. ஐந்து கிடைக்கோடு, ஐந்து நெடுக்கோடு போட்டால் பத்தே கம்பியில் 25 சந்திகள் கிடைத்துவிடும். சில்லு ஒவ்வொரு கிடைக்கோட்டிலும் மாறி மாறி மின்னழுத்தம் கொடுத்து, எந்த நெடுக்கோட்டில் அது திரும்பி வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பொறியியலில் சிக்கனம் எவ்வளவு அழகாக இருக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணங்களில் இது ஒன்று.

பட்டன் போனில் எழுத்தடிப்பது மட்டும் பெரும்பாடு. ஆங்கிலத்தின் 26 எழுத்தும் எட்டுப் பட்டன்களுக்குள் அடைபட்டிருக்கின்றன. 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்க எண்ணிப் பாருங்கள். முதல் எழுத்துக்கு 8-ஐ மூன்று தடவை, அடுத்ததற்கு 2-ஐ ஒரு தடவை, பிறகு 6-ஐ இரண்டு தடவை. இப்படியே போனால் எட்டு எழுத்துக்கு 13 அழுத்தம் ஆகும். நடுவில் ஒரே எழுத்து இரண்டு முறை அடுத்தடுத்து வருவதால், அங்கே ஒரு கணம் நின்று அம்புக்குறி நகர்ந்தபிறகுதான் தொடர முடியும். இதற்குத் தீர்வாக அமெரிக்காவின் டெஜிக் நிறுவனம் 1990-களில் கொண்டுவந்த முறைதான் டி9. ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் பட்டனை ஒரே முறை அழுத்தினால் போதும். அந்த எண் வரிசைக்குப் பொருந்தும் சொல்லை உள்ளேயிருக்கும் அகராதியில் தேடிப் போனே காட்டிவிடும். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு அது வரமாக அமைந்தது. நம் ஆட்கள் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தவர்கள். 'சாப்டியா' என்று கேட்க நினைத்தால் அந்த அகராதிக்கு ஒன்றும் புரியாது. வேறு ஏதோ ஆங்கிலச் சொல்லை நீட்டும். அதனால்தான் தமிழ்நாட்டில் பலர் போன் வாங்கியதும் முதல் வேலையாக டி9-ஐ அணைத்து வைத்தார்கள்.

தமிழ் எழுத்திலேயே அனுப்பினால் என்ன? அங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. அதை விவரமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வங்கிகளும் அரசு அலுவலகங்களும் இன்றும் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும்போது இதே கணக்குத்தான் குறுக்கே நிற்கிறது. குறுஞ்செய்தி, பேச்சு போகும் வழியில் போவதில்லை. போனும் கோபுரமும் 'நான் இங்கே இருக்கிறேன்', 'உனக்கு அழைப்பு வருகிறது' என்று தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு தனி வழி உண்டு. அந்த வழி பெரும்பாலான நேரம் காலியாகக் கிடப்பதைப் பயன்படுத்திச் சிறு செய்திகளையும் அதில் அனுப்பலாம் என்று 1980-களின் நடுவில் ஐரோப்பியப் பொறியாளர்கள் முடிவுசெய்தார்கள். ஒரு செய்திக்கு 140 பைட்டுதான் இடம். 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் முதல் குறுஞ்செய்தி கிறிஸ்துமஸ் வாழ்த்தாகப் போனது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஏழு பிட் போதும் என்பதால் 140 பைட்டில் 160 எழுத்துகள் அடங்கின. தமிழ் அந்த ஏழு பிட்டுப் பட்டியலில் இல்லை. யூனிகோடில் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட்டு. ஆக, 160 என்பது 70 ஆகச் சுருங்கிவிடுகிறது.

அந்த 70-ம் முழு எழுத்துகள் இல்லை. யூனிகோடில் தமிழின் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. 'கி' என்பது ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என்று இரண்டு இடம் எடுக்கும். 'ன்' என்பதற்கும் னகரம், புள்ளி என இரண்டு. 'சேரன்மகாதேவி' என்ற ஊர்ப்பெயரில் நாம் எண்ணினால் ஏழு எழுத்து. போன் எண்ணினால் 12. 'நாளை காலை சேரன்மகாதேவி வங்கிக்கு வரவும்' என்று ஒரு செய்தி அனுப்பினால் நம் கண்ணுக்கு 20 எழுத்து. இடைவெளியும் சேர்த்துப் போனுக்கு அது 39 இடம். பாதிக்கு மேல் தீர்ந்தது. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை வரிசைப்படுத்தும் தலைப்புக் குறிப்புக்கு இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால் துண்டு ஒன்றுக்கு 67 இடம்தான் மிஞ்சும். ஒரே சேதியைச் சொல்லத் தமிழர் இரண்டு, மூன்று செய்திக்கான காசைக் கொடுக்க நேர்ந்ததற்கு இதுவே காரணம். தமிழ் நீளமான மொழி என்று இதற்குப் பழி சொல்வது அநியாயம். எழுதிவைத்த தரத்தில் தமிழுக்கு இடம் ஒதுக்கியவர்கள் பின்னால்தான் வந்தார்கள்.

வந்த செய்தியைப் படிப்பதும் பழைய போன்களில் சிக்கலாக இருந்தது. 'கொ' என்பதை யூனிகோடு ககரம், ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கும். திரையில் காட்டும்போது ஒற்றைக் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு தனி நிரல் தேவை. பழைய நோக்கியா ஈ63 போன்ற பட்டன் ஸ்மார்ட்போன்களில் அதுவும் தமிழ் எழுத்துருவும் இல்லாததால் தமிழ்ப் பக்கங்கள் வெறும் கட்டங்களாகவே தெரிந்தன. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ் வாசகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த குறுக்குவழி ஒன்றுண்டு. ஓபரா மினி உலாவியின் முகவரிப் பெட்டியில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்து, அங்கே வரும் பட்டியலில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும்படி ஒரு வரியை மாற்றிவிட்டால் போதும். ஓபராவின் சர்வர் தமிழ் எழுத்துகளைச் சிறு படங்களாக்கி அனுப்பிவிடும். எழுத்தை ஒழுங்குபடுத்தும் வேலை போனின் தலையிலிருந்து இறங்கிவிடும். அந்தச் சிறிய திரையில் தமிழ்ச் செய்தியும் கதையும் படித்தவர்கள் பலர். இப்போது இந்தியாவில் விற்கும் எந்தப் போனும், பட்டன் போன் உட்பட, 22 இந்திய மொழிகளின் செய்திகளையும் காட்டியாக வேண்டும் என்று இந்தியத் தர நிறுவனத்தின் ஐஎஸ் 16333 தரம் சொல்கிறது. அதை அரசு கட்டாயமாக்கியது நல்ல காரியம்.

2017 ஜூலை 21 அன்று ஜியோபோன் அறிவிக்கப்பட்டபோது பட்டன் போனின் கதை வேறு திசையில் திரும்பியது. 1,500 ரூபாய் வைப்புத்தொகை, 2.4 அங்குலத் திரை, 512 மெகாபைட் நினைவகம், 4ஜி. உள்ளே ஓடியது கை-ஓஎஸ் என்ற இயங்குதளம். மொசில்லா கைவிட்ட ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸிலிருந்து பிறந்தது அது. கிராமத்துக் கைகளில் பட்டனோடு வாட்ஸ்அப்பும் யூடியூபும் சேர்ந்து வந்தது இதனால்தான். 320-க்கு 240 என்ற அந்தத் திரையில் மொத்தம் 76,800 படப்புள்ளிகள். இன்றைய சாதாரணத் தொடுதிரை போனில் 2400-க்கு 1080, அதாவது ஏறத்தாழ 26 லட்சம். முப்பது மடங்குக்கு மேல் குறைவான புள்ளிகளை ஒளிரச்செய்து புதுப்பிப்பதால்தான் 2,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியே அதற்குத் தாராளமாக இருந்தது. நினைவகம் போதாதது அதன் பலவீனம். வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்து பேசிவிட்டுத் திரும்பினால் செயலி மறுபடி முதலிலிருந்து திறக்கும். இடம் போதாதபோது பின்னணியில் இருப்பதை இயங்குதளம் மூடிவிடுவதால் வரும் தொல்லை இது.

அந்தப் போன்களில் பல இன்றும் நன்றாக ஓடும் நிலையில் இருக்கின்றன. ஆனால் 2024 ஜூனில் கை-ஓஎஸ் போன்களில் புதிதாக வாட்ஸ்அப்பில் சேர்வது நின்றது. 2025-ல் ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் நின்றது. அதைவிட ஓசையில்லாத மரணம் ஒன்றும் உண்டு. பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் தான் யார் என்று நிரூபிக்க ஒரு சான்றிதழ் காட்டும். அதை நம்பலாமா என்று போன் தன்னிடமுள்ள மூலச் சான்றிதழ்ப் பட்டியலில் பார்க்கும். மூலச் சான்றிதழ்களுக்கும் காலாவதித் தேதி உண்டு. லட்சக்கணக்கான தளங்கள் நம்பியிருந்த அப்படியொரு சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. பட்டியலைப் புதுப்பிக்க வழியில்லாத பழைய போன்கள் பலவற்றில் அன்று முதல் பல தளங்கள் திறக்கவில்லை. பட்டனில் பழுதில்லை, திரையில் கீறலில்லை, பேட்டரியும் நிற்கிறது. ஆனால் போன் ஊமையாகிவிட்டது. 'பழைய போன், அப்படித்தான் இருக்கும்' என்று வைத்திருப்பவரும் ஏற்றுக்கொள்கிறார். எனக்கு இது ஏற்பில்லை. தேயாத பொருளைத் தூரத்திலிருந்து தேய்த்துவிடுகிறார்கள்.

பேட்டரி ஏன் அத்தனை நாள் நிற்கிறது என்பதற்குத் திரை மட்டும் காரணமில்லை. 2003-ல் வந்த நோக்கியா 1100-இன் பேட்டரி 850 மில்லி ஆம்பியர்-மணிதான். பேசாமல் வைத்திருந்தால் 400 மணி நேரம் வரை நிற்கும் என்றது நிறுவனம். வகுத்துப் பாருங்கள்: சராசரியாக இரண்டு மில்லி ஆம்பியர் சொச்சம்! போன் பெரும்பாலான நேரம் தூங்குவதால்தான் இது முடிகிறது. 2ஜி வலையில் அரை நொடிக்கும் இரண்டு நொடிக்கும் இடைப்பட்ட ஒரு குறித்த இடைவெளியில் அது கண்விழிக்கும். கோபுரம் தன் எண்ணைக் கூப்பிடுகிறதா என்று சில மில்லிநொடி கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடும். 4ஜியிலும் இதே ஏற்பாடு உண்டு. ஸ்மார்ட்போனும் இப்படித் தூங்கத் தெரிந்ததுதான், பாவம். பின்னணியில் இருபது செயலிகள் அதைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தால் அது எப்படித் தூங்கும்?

2ஜி போனை வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தவர்களுக்கு ஓர் ஓசை நினைவிருக்கும். அழைப்பு மணி அடிப்பதற்கு ஒரு கணம் முன்பே பெட்டி 'டிடிட் டிடிட் டிர்ர்ர்' என்று இரையும். ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறைவைத்துப் பங்கிடும் அமைப்பு 2ஜி. தன் முறை வரும்போது மட்டும் போன் நொடியில் ஏறத்தாழ 217 தடவை படீர் படீரென்று அலையை வீசும். அந்த 217 துடிப்பு நம் காது கேட்கும் எல்லைக்குள் இருப்பதால் பக்கத்திலுள்ள ஒலிபெருக்கியின் கம்பிகள் அதைப் பிடித்து இரைச்சலாக்கிவிடும். 4ஜி போனில் இந்த இரைச்சல் பெரும்பாலும் கேட்பதில்லை. ஜியோபோனோடு தொடங்கியவர்களுக்கு அந்த முன்னறிவிப்பு தெரிந்திருக்காது.

ஊரைச் சுற்றியுள்ள வாழையும் இதில் பங்கேற்கிறது. 'தோட்டத்துக்குள்ள போனா சிக்னல் போயிருது' என்பது இங்கே எல்லோரும் சொல்வதுதான். வாழை இலை முழுக்க நீர். நீர் நிறைந்த தழை, ரேடியோ அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் குறைக்கிறது. அதிர்வெண் கூடக்கூட இழப்பும் கூடும். 4ஜியின் 2300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 13 சென்டிமீட்டர். 850 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 35 சென்டிமீட்டர். நீள அலைக்குத் தழையையும் மேட்டையும் சுற்றி வளைந்து வருவது எளிது. மழை பெய்த மறுநாள் ஈர இலைகளுக்குள் நின்று பேசினால் இழப்பு இன்னும் அதிகம். சிக்னல் குறையக் குறையப் போன் தன் குரலை உயர்த்தி வீசும். அதனால் கை சுடும், சார்ஜ் கரையும். தோட்டத்தில் நின்று அரைமணி பேசியதும் பேட்டரி இறங்கிவிட்டால் பேட்டரியைத் திட்டாமல் வரப்புக்கு ஏறி நின்று பேசிப் பாருங்கள்.

பேட்டரி உண்மையாகவே கெட்டிருக்கிறதா என்று பார்க்கக் கடைக்காரர்களிடம் ஒரு சோதனை உண்டு. பேட்டரியைக் கழற்றிக் கண்ணாடி மேசைமேல் படுக்கவைத்து விரலால் சுண்டுவார்கள். நல்ல பேட்டரி மேசையில் படிந்து உரசி நின்றுவிடும். உப்பிய பேட்டரி நடுவயிற்றில் ஊன்றிப் பம்பரமாகச் சுற்றும். கருவி ஏதுமில்லாமல் அரை மில்லிமீட்டர் புடைப்பைக் காட்டிக்கொடுக்கும் நல்ல சோதனை இது. வெப்பத்திலும் மிகைச் சார்ஜிலும் உள்ளேயிருக்கும் மின்பகு திரவம் சிதைந்து வாயுவாகும். அடைத்த உலோகக் கூட்டில் அதற்குப் போக இடமில்லாததால் கூடு உப்புகிறது. நெல்லைச் சீமையின் சித்திரை வெயிலில் சன்னலோரம் வைத்துச் சார்ஜ் போட்டால் இது சீக்கிரம் நடக்கும். உப்பியதை அழுத்தவோ குத்தவோ கூடாது, மாற்றிவிட வேண்டும். 2007-ல் நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரிகளில் 4.6 கோடி எண்ணிக்கை சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று அந்த நிறுவனமே அறிவித்து மாற்றிக்கொடுக்க முன்வந்தது. கழற்றக்கூடிய பேட்டரி என்பதால்தான் அது சாத்தியமானது.

பேட்டரி நெடுநேரம் நிற்பதன் மதிப்பு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தெரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பல ஊர்களில் மின்சாரம் போய்க் கோபுரங்களும் ஓய்ந்தன. கோபுரத்துக்குப் பேட்டரியும் டீசலும் தீரும்வரைதான் உயிர். கோபுரம் ஓய்ந்தபின் சிக்னலைத் தேடித் தேடியே போன் தன் சார்ஜைத் தீர்த்துவிடும் என்பதால், அப்படிப்பட்ட நாளில் போனை அணைத்துவைத்து மணிக்கு ஒருமுறை திறந்துபார்ப்பதே சரி. அழைப்பு போகாதபோது குறுஞ்செய்தி அனுப்புங்கள். அழைப்புக்கு இருபக்கமும் ஒரே நேரத்தில் வலை வேண்டும். குறுஞ்செய்தி நடுவிலுள்ள மையத்தில் காத்திருந்து, மறுபக்கத்துப் போன் எப்போது வலைக்குள் வருகிறதோ அப்போது போய்ச்சேரும்.

பணம் அனுப்பவும் இந்தப் பட்டன்கள் போதும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. *99# என்று அடித்தால் இணையமே இல்லாமல் வங்கிக் கணக்கைத் திறக்கலாம். நாம் முன்பு பார்த்த அதே சமிக்ஞை வழியில்தான் அதுவும் போகிறது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யுபிஐ 123பே ஒரு எண்ணுக்கு அழைத்து, குரல் சொல்கிறபடி பட்டனை அழுத்திப் பணம் அனுப்ப வழிசெய்கிறது. தரைவழித் தொலைபேசியில் 5-ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுரங்கள் சேர்ந்து போகும். கைப்பேசியின் குரல் சுருக்கி அந்தச் சுரங்களைக் குலைத்துவிடும் என்பதால் 2ஜி போன் சுரத்தையே அனுப்புவதில்லை. 'ஐந்து அழுத்தப்பட்டது' என்ற தகவல் மட்டும் போகும். சுரத்தை வலையே எழுப்பிக்கொள்ளும். 1963-இல் பிறந்த ஒழுங்கும் 2022-இன் பணப் பரிமாற்றமும் இப்படிக் கைகோத்திருக்கின்றன.

செயலி இருந்தால்தான் சேவை என்று திட்டமிடுகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒவ்வொரு சேவைக்கும் குறுஞ்செய்தி, குரல்வழி என்ற இரண்டில் ஒன்றையாவது தமிழில் திறந்து வையுங்கள். அதற்கான தொழில்நுட்பம் ஏற்கெனவே ஒவ்வொரு கோபுரத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழில் செய்தி எழுதும்போது 70 என்ற கணக்கை மனதில் வைத்து, முக்கியமான தேதியையும் தொகையையும் முதலில் போடுங்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் புதிதாக வாங்கப்போகிறவர்கள் 2ஜி மட்டும் உள்ள போனை வாங்க வேண்டாம். ஜியோவுக்கு 2ஜி வலையே கிடையாது. மற்ற நிறுவனங்களின் 2ஜியும் என்றைக்கும் இருக்கும் என்று நம்ப முடியாது. 4ஜி வலையிலேயே பேசும் வசதி (வோல்டி) இருக்கிறதா, தமிழ்ச் செய்தி ஒழுங்காகத் தெரிகிறதா, பேட்டரியைக் கையால் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பிறகு போனை அவர்கள் கையிலேயே கொடுத்துக் கண்ணை மூடி ஐந்தைத் தேடச் சொல்லுங்கள். புள்ளி விரலில் தட்டுப்படாத போனை வாங்காதீர்கள்.